கண்ணாடிக்குள் கடல்

அழகிய பொருளைக் கண்டால் அதனைத் தனதாக்கிக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. மலரைக் கண்டவன் அதனைப் பறிக்க எண்ணுகிறான். கிளியைக் கண்டவன் கூண்டைத் தேடுகிறான். வண்ண மீனைக் கண்டவன் கண்ணாடித் தொட்டியை நாடுகிறான். ஆனால், கண்டு மகிழ்வது வேறு. கைக்கொண்டு மகிழ்வது வேறு. முன்னதற்குக் கண் போதும். பின்னதற்கு அறிவும் பொறுமையும் பொறுப்பும் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராத ஆசை எத்தனையோ உயிர்களின் அழிவுக்குக் காரணமாகிறது. வீட்டிலே கடல்நீர்த் தொட்டி அமைத்துக் கோமாளி மீனை வளர்க்க விரும்பும் ஆசை இவ்வுண்மையை விளக்கத் தக்க சான்றாகும்.

சென்னையும் மீன்களும்

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் திருக்குளத்தின் படிகளில் மாலை வேளையில் சிறுவர்கள் கூடி நிற்பது வழக்கம். பொரியை அள்ளி நீரில் எறிவார்கள். மீன்கள் மேலெழுந்து வாய் திறந்து அதனைக் கவ்வும். சிறுவர்கள் கைகொட்டி மகிழ்வார்கள். அம்மீன்கள் அவருள் எவருக்கும் உடைமை அல்ல; ஆயினும் அவற்றால் வரும் மகிழ்ச்சி எல்லார்க்கும் உரியது.

திருக்குளத்திலிருந்து சிறிது தொலைவில் மெரினாக் கடற்கரை உள்ளது. அங்கே 1909-ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கார் தர்ஸ்டன் அதனை அமைக்கப் பெரிதும் முயன்றவர். கடலின் அடியில் வாழும் மீன்களைக் கரையில் நின்றவாறே பொதுமக்கள் காணும் வாய்ப்பை அது அளித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அக்காட்சிசாலை மூடப்பட்டது. ஏழையும் செல்வரும் ஒருங்கே நின்று கடலின் வியப்பைக் கண்ட இடம் அது.

பொது இடத்தில் நின்று பார்த்த கண்கள், காலப்போக்கில் அவ்வியப்பை வீட்டுக்குள்ளேயே காண விரும்பின. வண்ண மீன் வாணிகத்தில் சென்னைக் கொளத்தூர் பெயர் பெற்றது. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் பல வீடுகளின் கூடங்களில் மீன்தொட்டி இடம் பெற்றுள்ளது. முதலில் நன்னீர் மீன் வந்தது; அதன்பின் கடல் மீனும் வந்தது. கடல் மீன்களுள் சிறுவர் மிகவும் விரும்புவது கோமாளி மீன். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் திரைப்படம் இம்மீனை உலகமெங்கும் அறிமுகப்படுத்தியது. கடலிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுத் தொட்டியில் அடைக்கப்பட்ட மகனைத் தேடித் தந்தை மீன் அலைவதே அதன் கதை. அக்கதையைக் கண்டு கண்ணீர் விட்ட சிறுவனே மறுநாள், "அப்பா, எனக்கு அந்த மீன் வேண்டும்" என்று கேட்பானாயின், அவன் கதையை எவ்வாறு உணர்ந்தான் என்று எண்ண வேண்டியிருக்கிறது.

கோமாளி மீனின் குடும்பம்

கோமாளி மீன்களில் ஏறத்தாழ முப்பது இனங்கள் உண்டு. செம்மஞ்சள் உடலும் மூன்று வெண்பட்டைகளும் கொண்ட இனம் அந்தமான் கடலில் வாழ்கிறது. கரும்பழுப்பு உடலும் மஞ்சள் வாலும் உடைய மற்றோர் இனம் தமிழகத்தின் மன்னார் வளைகுடாவிலேயே உள்ளது. இவை யாவும் கடற்சாமந்தி என்னும் உயிரை அடைக்கலமாகக் கொண்டு வாழ்கின்றன. கடற்சாமந்தியின் இழைகளில் நச்சு முட்கள் உண்டு. பிற மீன்கள் அதனைத் தீண்ட அஞ்சும். கோமாளி மீனின் உடலைப் போர்த்தியுள்ள வழவழப்பான பசை அந்நஞ்சு தன்னைத் தாக்காதவாறு காக்கிறது. மீனுக்குச் சாமந்தி அரண். சாமந்தியை மேய வரும் மீன்களைத் துரத்துவது கோமாளி மீனின் கடமை. ஒன்றையொன்று தாங்கி வாழும் இந்நட்பு இயற்கை எழுதிய உடன்படிக்கையாகும்.

இக்குடும்பத்தின் ஒழுங்கு வியப்புக்குரியது. ஒரு சாமந்தியில் வாழும் கூட்டத்தில் பெரியது பெண்; அடுத்தது ஆண்; மற்றவை முதிராத சிறு மீன்கள். பெண் இறந்தால் ஆண் மீனே பெண்ணாக மாறும். சிறு மீன்களுள் பெரியது ஆணாக வளரும். முட்டைகளைக் காப்பதில் தந்தைக்கே பெரும்பங்கு. அது செட்டைகளால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் ஊட்டும். கெட்ட முட்டைகளை வாயால் அகற்றும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் பொரிந்து வெளிவந்து, சில நாள் கடல் நீரோட்டத்தில் மிதந்து, பின் தமக்கென ஒரு சாமந்தியைத் தேடி அடையும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்த இல்லத்தைவிட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை.

இவ்வளவு ஒழுங்குடைய ஓர் உயிரைக் 'கோமாளி' என்று அழைப்பது மனிதனின் விளையாட்டு. அதனை விளையாட்டுப் பொருளாகவே கருதிவிடுவது மனிதனின் பிழை.

அவசரத்தின் விளைவு

அடையாற்றில் ஓர் இல்லத்தை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். மகனுக்குப் பிறந்தநாள். தந்தை அன்று காலையில் தொட்டியும் உப்பும் வாங்குகிறார். நண்பகலில் நீரை நிரப்பி உப்பைக் கரைக்கிறார். மாலையில் இரண்டு கோமாளி மீன்களை விடுகிறார். விருந்தினர் வியந்து பாராட்டுகின்றனர். மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுத் திணறுகின்றன. ஐந்தாம் நாள் ஒன்று இறக்கிறது. ஏழாம் நாள் மற்றதும் இறக்கிறது. "கடைக்காரர் நோயுள்ள மீனைக் கொடுத்துவிட்டார்" என்று வீட்டார் குறைகூறுகின்றனர். உண்மையில் அம்மீன்களைக் கொன்றது நோயன்று, அவசரமே. 'அவசரக் கோலம் அள்ளித் தெளித்தது' என்னும் பழமொழி கோலத்துக்கு மட்டும் உரியதன்று.

மீன்கள் இறந்த காரணத்தை மாணவர் அறிதல் வேண்டும். மீன் தன் செவுள் வழியே அம்மோனியா என்னும் கழிவை வெளியேற்றுகிறது. அது கொடிய நஞ்சு. பரந்த கடலில் அது கரைந்து மறையும். சிறு தொட்டியில் மறைவதற்கு இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில நுண்ணுயிர்கள் அதனைக் கொடுமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்நுண்ணுயிர்கள் தொட்டியின் கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் பெருகுவதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இருத்தல் ஆகாது. நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கண்ட பிறகே மீனை விடுதல் வேண்டும். பார்ப்பவருக்கு அது மீனில்லாத வெறுந்தொட்டி. அறிந்தவருக்கு அது உயிர் வாழத் தகுதி பெற்றுவரும் சிறு கடல். மீன் வளர்ப்பவர் கற்கும் முதற்பாடம் காத்திருத்தலே. 'பதறாத காரியம் சிதறாது' அன்றோ?

கடலைச் செய்வது எளிதன்று

கடல் அருகில் இருப்பதால் சென்னைவாசிக்குக் கடல்நீர் எளிதிற் கிடைக்கும் என்று சிலர் கருதலாம். கரையில் ஒரு குடம் நீரை முகந்து வந்தால் போதும் என்று அவர்கள் எண்ணுவர். ஆனால், கூவமும் அடையாறும் நகரின் கழிவைச் சுமந்து சென்று கடலில் கலக்கின்றன. முகத்துவாரத்தை அடுத்த நீர் மீனுக்கு நலம் தருவதன்று. ஆகவே வளர்ப்போர் பலர் இதற்கெனச் செய்யப்படும் உப்புக் கலவையை நன்னீரிற் கரைத்துப் பயன்படுத்துகின்றனர். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமன்றி மக்னீசியம், கால்சியம் முதலிய வேறு பல பொருள்களும் உள்ளன.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எனவே நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ உப்பு வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், ஒவ்வொரு முறையும் 350 கிராம் உப்புச் சேர்த்த பத்து லிட்டர் புதுநீர் வேண்டும். குடிநீரைத் தூய்மை செய்வதற்காகச் சேர்க்கும் குளோரின் மனிதரைக் காக்கும். ஆனால் மீனின் செவுளை அழிக்கும். அதனை நீக்கிய பின்னரே உப்பைக் கரைத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பெரிய ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டன. தெருக்களில் குடங்கள் வரிசையாக நின்றன. அத்தகைய நகரில் தொட்டி வைப்பவர் ஒவ்வொரு துளி நீரின் மதிப்பையும் உணர்ந்திருத்தல் வேண்டும்.

வெப்பமும் கவனத்துக்குரியது. கோமாளி மீனுக்கு 25 முதல் 28 செல்சியசு வரையிலான வெப்பநிலை இசைவானது. மே மாதத்தில் சென்னையின் வெப்பம் 40-ஐத் தொடுவதுண்டு. விளக்கும் நீரேற்றியும் தொட்டியை மேலும் சூடாக்கும். நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும், மீன் திணறும். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறியின் காற்றுப் படுமாறு செய்தால் நீர் ஆவியாகி வெப்பம் சற்றுத் தணியும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்புத் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத நன்னீரை நாள்தோறும் சேர்க்காவிடில், நீரின் உப்புச்செறிவு மிகுந்து மீனுக்குத் துன்பம் விளையும்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. அத்தகைய வேளையில் மனிதன் கைவிசிறியால் காலம் கழிப்பான். நீரோட்டம் நின்ற தொட்டியின் மீன் என்ன செய்யும்? மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றூட்டி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தவரே மீனைக் காப்பவர். புயல் எச்சரிக்கை வந்த பின் கடைக்கு ஓடுபவர் மீனை நேசிப்பவராக இருக்கலாம், பொறுப்புடையவர் ஆகார்.

உணவிலும் அளவு வேண்டும். மீன் உண்பதைக் காண்பது இன்பம். அவ்வின்பத்துக்காகச் சிறுவர் மேலும் மேலும் இரையை இடுவர். உண்ணாத இரை அழுகி அம்மோனியாவாகும். அன்பினால் இட்ட இரையே நஞ்சாகும். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பதை மீன்தொட்டி நாள்தோறும் மெய்ப்பிக்கிறது.

எங்கிருந்து வந்த மீன்?

தொட்டியை நன்கு பேணுவதோடு கடமை முடிந்துவிடாது. 'இம்மீன் எங்கிருந்து வந்தது?' என்ற வினாவுக்கும் விடை காணல் வேண்டும்.

இங்கிலாந்து நாட்டில் 1854-ஆம் ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலறிஞர் கடல்நீர்த் தொட்டி அமைக்கும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அவர் கடல் உயிர்களை மிகவும் நேசித்தவர். அவருடைய எழுத்தைப் படித்த மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று, பாறைக் குழிகளில் வாழ்ந்த உயிர்களை வாரிக்கொண்டு போயினர். அழகு நிறைந்திருந்த குழிகள் வெறுமையாயின. அவருடைய மகன் எட்மண்டு காஸ் 1907-இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வழிவை மனம் நொந்து குறித்துள்ளார். ஓர் அறிஞரின் அன்பு, பொறுப்பற்ற கைகளிற் சென்றபோது, அவர் நேசித்ததையே அழித்துவிட்டது.

அதே பிழை வெப்பமண்டலக் கடல்களிலும் நிகழ்ந்தது. பிலிப்பைன்சு, இந்தோனேசியா முதலிய நாடுகளில் மீனை மயக்கிப் பிடிப்பதற்காகப் பவளப்பாறைகளில் சயனைடு நஞ்சைப் பீய்ச்சும் வழக்கம் பரவியது. மயங்கிய மீன்களுட் பல பின்னர் இறந்தன. அவற்றின் இல்லமான பவளமும் கெட்டது. கடையில் ஒளிவீசும் ஒரு மீனுக்குப் பின்னே, கரை சேராமல் மாண்ட மீன்கள் பல இருக்கக்கூடும்.

தமிழகத்தின் செல்வமான மன்னார் வளைகுடா 1986-இல் கடல் தேசியப் பூங்காவாகவும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பவளங்கள் கடல்நீர் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளுத்துத் துன்புற்றன. வெப்பத்தால் வாடும் அவ்விடத்திலிருந்து மீனையும் சாமந்தியையும் மேலும் பறிப்பது, காய்ச்சலுற்றவனின் போர்வையை இழுப்பதை ஒக்கும். பவளமும் கடற்குதிரையும் 2001-ஆம் ஆண்டிலேயே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் வந்துவிட்டன. அழகுக்காக அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் வாங்குவதும் குற்றமாகும்.

ஆயினும் இவ்விடத்தில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. வீட்டுத் தொட்டிகளுக்கு விற்கப்படும் கடல் மீன்களிற் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. ஆனால் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்க இயலும். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வாளரும் இதனைச் செய்து காட்டியுள்ளனர். பொரிந்த குஞ்சு மிகச் சிறியது. அதற்கு முதலில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய உயிரையும், பின்னர் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சையும் இரையாகக் கொடுத்து வளர்ப்பர். இலட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்கள் இவ்வளர்ப்பில் பயிற்சி பெற்று வருவாய் ஈட்டத் தொடங்கியுள்ளனர். இவ்வாறு பிறந்த மீன் கடலைக் கண்டதில்லை. தொட்டி நீருக்கும் இடும் இரைக்கும் பழகியது. அதனை வாங்குவதால் பவளப்பாறையில் ஓர் இல்லம் வெறுமையாவதில்லை.

கடற்சாமந்தியின் செய்தி வேறு. அதற்கு மிகுந்த ஒளியும் மாறாத நீரும் வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் அது பெரும்பாலும் விரைவில் மடிகிறது. ஆனால் அதன் இயல்பான ஆயுள் நீண்டது. ஸ்காத்லாந்தில் 1828-ஆம் ஆண்டில் கடற்கரையில் எடுக்கப்பட்ட ஒரு சாமந்தி, எடின்பரோ நகரில் நாள்தோறும் பேணப்பட்டு, கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. எடுத்து வந்தவர் மறைந்த பின்னும் அது வாழ்ந்தது! அத்தகைய உயிரைச் சில வாரக் காட்சிக்காகப் பறிப்பது முறையா? பகையில்லாத தொட்டியில் கோமாளி மீனுக்குச் சாமந்தி என்னும் அரண் தேவையில்லை. ஆகவே வீட்டில் அதனை வையாமலிருப்பதே அறிவுடைமை.

இரு கருத்துகள்

'கடல் உயிரைக் கண்ணாடிக்குள் அடைப்பதே கொடுமை. எவரும் எதனையும் வளர்த்தல் ஆகாது' என்பர் சிலர். இக்கருத்தில் இரக்கம் உண்டு. நெடுந்தொலைவு நீந்தித் திரியும் மீன்களைப் பொறுத்தவரை இஃது உண்மையும் ஆகும். ஆனால் கோமாளி மீன் இயல்பாகவே ஒரு சிறு வட்டத்தில் வாழ்வது. தொட்டியிலேயே பிறந்து வளரக்கூடியது. தக்கவாறு பேணினால் அது முட்டையிட்டுக் குடும்பமாகவும் வாழும். மேலும், அருகிருந்து பேணிய உயிரிடத்து மனிதனுக்கு அன்பு பிறக்கிறது. தொட்டியில் நீர் இரண்டு பாகை சூடேறினால் மீன் படும் பாட்டைக் கண்ட மாணவன், கடல் சூடேறுகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது அதனை வெறும் எண்ணாகக் கொள்ளமாட்டான்.

'பணம் கொடுத்து வாங்கியது. இறந்தால் வேறு வாங்கலாம்' என்பர் வேறு சிலர். இதற்கு விடை ஒன்றே. பணம் மீனின் விலை. உயிரின் விலை அன்று. நன்கு பேணப்பட்ட கோமாளி மீன் இருபது ஆண்டுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. பதின்மூன்று வயதில் மீன் வாங்கும் மாணவன், தான் கல்லூரி சென்று, வேலையில் அமர்ந்து, முப்பது வயதைக் கடக்கும் வரை அதற்குக் கடமைப்பட்டவன் ஆகிறான். தேர்வு நாளிலும் நீரைச் சோதிக்க வேண்டும். வெளியூர்ப் பயணத்தின்போதும் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். இவ்வளவுக்கும் உடன்படுபவன் வளர்க்கட்டும். உடன்படாதவன் வாங்காதிருப்பதே அவன் அம்மீனுக்குச் செய்யும் பெரிய உதவி.

தகுதியும் உரிமையும்

ஆகவே கோமாளி மீனை வளர்ப்பதோ வளர்க்காமலிருப்பதோ பெருமை தருவதன்று. தகுதி பெற்று வளர்ப்பதே பெருமை. தொட்டியில் பிறந்த மீனையே வாங்குதல், மீன் வருமுன் ஒரு திங்களேனும் காத்திருத்தல், பவளத்தையும் சாமந்தியையும் கடலிலேயே விட்டுவைத்தல், வெப்பத்துக்கும் மின்தடைக்கும் முன்னரே ஆயத்தமாதல், வேண்டாமென்று தோன்றும் நாளில் மீனைக் கடலிலோ ஏரியிலோ எறியாமல் பேண வல்லவரிடம் ஒப்படைத்தல் ஆகிய ஐந்தும் அத்தகுதியின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வளர்ப்பு என்பது சிறைவைப்பு ஆகிவிடும்.

இத்தகுதி வாய்க்கும் வரை சிறுவர்க்கு மகிழ்ச்சி இல்லாமற் போய்விடாது. திருக்குளத்தின் படிகள் இருக்கின்றன. பொரிக்காக மேலெழும் மீன்களும் இருக்கின்றன. அங்கே கைகொட்டி மகிழும் சிறுவன் எந்த மீனையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. எனினும் வெறுங்கையோடு திரும்புவதும் இல்லை. கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவர விரும்புவோர் முதலில் அச்சிறுவனிடம் அதனைக் கற்றுக்கொள்ளட்டும்.